கம்ப்யூட்டரிடம் பேரம் பேசியது

எங்கள் கடைப் பெட்டிகளின் மேல் தங்க நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 'ஆரணிப் பட்டில் நம்பர் 1' என்று அதில் அச்சடித்திருக்கும். அந்த நம்பரை எங்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று இதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. கொடுத்தது நான்தான். பிரஸ்காரர் மேலே என்ன போடுவது என்று கேட்டார், டீ குடித்துக்கொண்டிருந்த நான் நம்பர் ஒன் என்று போடச் சொன்னேன். எதிர்க்கடையும் நம்பர் ஒன்தான். அதற்கு அடுத்த கடை கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது, அதனால் அவர்கள் 'ஒரிஜினல் நம்பர் 1'. ஒரே தெருவில் இத்தனை முதலிடங்களை வைத்துக்கொண்டு சண்டை சச்சரவில்லாமல் பிழைத்துவருகிறோம்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட தொழிலில் தலை நரைத்த ஒருவன், மகளுக்கு மருத்துவக் கல்லூரி பார்க்கும்போது தரவரிசைப் பட்டியலைப் பார்த்துத் தூக்கம் கெட்டான் என்றால், அவனைப் பார்த்து நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். என் மனைவி ஏற்கெனவே தொடங்கிவிட்டாள்.

மகள் நீட் எழுதியது இரண்டாவது தடவை. முதல் தடவை சறுக்கியபின் ஒரு வருடம் முழுக்க வீட்டிலேயே, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து படித்தாள். அந்த வருடம் எங்கள் வீட்டில் மிக்ஸிகூட மெதுவாகத்தான் ஓடியது. டி.வி.யில் கிரிக்கெட் பார்க்கும்போது சிக்ஸர் விழுந்தால் நான் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளுவேன். இந்த முறை ரிசல்ட் வந்தது. சென்னையின் பெரிய கல்லூரிகளுக்குப் போதாத மார்க், ஆனால் எங்காவது ஓர் அரசுக் கல்லூரியில் நிச்சயம் இடம் உண்டு என்கிற மார்க். அவள் அந்த அறைக் கதவை விரியத் திறந்துவிட்டு வெளியே வந்து, காபி கேட்டாள். அவ்வளவுதான் கொண்டாட்டம். மிச்சக் கொண்டாட்டத்தை நான் எடுத்துக்கொண்டு, ஸ்வீட் பெட்டியோடு தெருவில் இறங்கினேன்.

என் மகிழ்ச்சி எதிர்க்கடை வரைக்கும்தான் தாங்கியது. எதிர்க்கடைக்காரர் எனக்கு மச்சான் முறை. தொழிலில் போட்டி, டீயில் கூட்டு. மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு, சாவகாசமாகச் சொன்னார்.

"சீட்டு கெடைக்கிறது பெரிசு இல்ல மாமா. எந்தக் காலேஜுன்னு ஒண்ணு கீதுல்ல. ரேங்க்கு பார்த்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. ஒரு கணம் முன்புவரை அப்படி ஒன்று பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. ஆனால் மச்சான் முன்னால் தெரியாது என்று சொல்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. "பார்த்துகினுதான் கீறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வந்து, ஷட்டரைப் பாதி இறக்கி, செல்போனைத் திறந்தேன்.

அன்றைக்குக் கிடைத்தது ஒரு பட்டியல். மறுநாள் இன்னொன்று. மூன்றாவதை ஒரு சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார், கூடவே வணக்கம் வைக்கும் கைப் படம். ஒன்று அரசாங்கம் போட்டது, ஒன்று ஆங்கிலப் பத்திரிகை போட்டது, வாட்ஸ்அப்பில் வந்ததை யார் போட்டார்கள் என்று போட்டவர்களுக்கே தெரியாது. முதல் பட்டியலில் முன்வரிசையில் இருந்த கல்லூரி இரண்டாவதில் நடுவில் இருந்தது. மூன்றாவது பட்டியலுக்கு அப்படி ஒரு கல்லூரி இருப்பதே தெரியவில்லை. ஒன்றில் கடைசிக்குப் பக்கத்தில் இருந்தது இன்னொன்றில் ஜம்மென்று மேலே உட்கார்ந்திருந்தது.

விவரம் தெரிந்தவன் இந்த இடத்தில் செல்போனை மூடியிருப்பான். நான் மூன்றையும் கூட்டி சராசரி போட்டேன். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் எத்தனை என்று வைத்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. மனசுக்குப் பிடித்த ஊராக இருந்தால் குறைவாகவும், வெயில் அதிகமான ஊராக இருந்தால் அதிகமாகவும் போட்டேன். இப்படியாக நான்காவதாக ஒரு பட்டியல் ஆரணியில் உருவானது.

அதை மகளிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் பொறுமையாகப் படித்தாள். படித்துவிட்டு, இதில் முதல் பக்கத்தில் இருக்கும் அரசுக் கல்லூரி எதுவும் தன் மார்க்குக்குக் கிடைக்காது, தனியார் கிடைத்தாலும் ஃபீஸ் கட்டுப்படியாகாது என்றாள். அவளிடம் வேறு கணக்கு இருந்தது. போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்த மார்க் வரைக்கும் இடம் போயிருக்கிறது, எங்கே விடுதி இருக்கிறது, எங்கே பாடம் நடத்த ஆள் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்து வைத்திருந்தாள். பள்ளியில் அவளுக்கு முன்னால் படித்த அக்காக்களுக்கெல்லாம் போன் போட்டிருக்கிறாள். அவள் மனசில் முதலில் நின்றது, இங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற ஊரில் சில வருடங்களுக்கு முன் வந்த ஓர் அரசுக் கல்லூரி. அது மூன்று பட்டியலிலும் இல்லை. நான் போட்ட பட்டியலில்கூட, வெயில் காரணமாக, அடியில் இருந்தது.

"பேரே இல்லாத காலேஜாம்மா?"

"பேரு கீது பா. லிஸ்ட்லதான் இல்ல."

பட்டியல் போடுகிறவர்கள் எதற்கெல்லாம் மார்க் கொடுக்கிறார்கள் என்று விளக்கினாள். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஒரு பங்கு, மற்றவர்கள் அந்தக் கல்லூரியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு ஒரு பங்கு. பட்டியலே தப்பு என்று அவள் சொல்லவில்லை. மேல்படிப்புக்குப் போகும்போது தானும் அதைத்தான் பார்ப்பேன் என்றாள். "இப்போ நான் போய் மொதல்ல எலும்பு பேரு படிக்கணும். எலும்பு எல்லா ஊர்லயும் ஒரே எலும்புதான்."

எனக்கு அவள் சொன்னதில் மற்றவர்கள் நினைப்பதற்கு மார்க் என்கிற ஒரு வரி மட்டும்தான் காதில் விழுந்தது. அப்படி ஒரு தேர்வு வைத்தால் ஆரணியில் எல்லோரும் அதற்குத்தான் படிப்போம். மச்சான் என்ன நினைப்பார் என்பது என் கண்முன்னால் வந்து நின்றது. பேர் இல்லாத காலேஜுக்கு எப்படி அனுப்புவது? அதே நேரம் ஒரு வருடம் கதவைச் சாத்திக்கொண்டு படித்தவளிடம், நீ கேட்ட காலேஜ் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? கலந்தாய்வில் ஒருமுறை தவறான இடத்தில் போய் மாட்டிக்கொண்டால் அவ்வளவு சுலபமாகத் திரும்ப முடியாது என்றும் கேள்விப்பட்டிருந்தேன். இன்னொரு வருடத்துக்கு அந்தக் கதவு சாத்திக்கொள்ளக் கூடாது. அது ஒன்றுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

எங்கள் தொழிலில் சரக்கைப் பற்றி சந்தேகம் வந்தால் போட்டோவைப் பார்க்க மாட்டோம். நேரில் போய்ப் புடவையைப் பிரித்து, மடிப்புக்குள் கையை விட்டு, பின்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். முன்பக்கம் எல்லாப் புடவையும் அழகுதான். நூல் எங்கே அறுந்தது, எங்கே முடிச்சுப் போட்டார்கள் என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும். ஒரு மருத்துவக் கல்லூரிக்குப் பின்பக்கம் எது? அதன் ஆஸ்பத்திரி. அதைத் திருப்பிப் பார்க்க என்ன வழி? நோயாளியாகப் போவது.

இந்த யோசனை வந்தபோது எனக்கு என்மேல் வந்த மரியாதையைச் சொல்லி முடியாது.

செய்யாரில் ஒரு பார்ட்டியைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மகள் சொன்ன கல்லூரி இருக்கிற ஊருக்குக் காலை பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் என்ன வியாதி என்று யோசித்துக்கொண்டு போனேன். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். கால் வலி என்றால் திரும்பி வரும்வரை நொண்ட வேண்டும். வயிற்று வலிக்குச் சாட்சி கிடையாது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு பூரி செட் சாப்பிட்டுவிட்டு, ஓ.பி. சீட்டு வாங்குகிற வரிசையில் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நின்ற இடத்திலிருந்தே மார்க் போடத் தொடங்கினேன். மின்விசிறி ஓடுகிறது, ஒரு மார்க். குழாயில் தண்ணீர் வருகிறது, ஒரு மார்க். சுவரில் வெற்றிலைக் கறை, அரை மார்க் குறைத்தேன். கூட்டம் மட்டும் திருவிழா மாதிரி இருந்தது. அதற்கு மார்க் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் வருவதற்கு முன் ஒரு பெண் வந்தாள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கையில் பேனா. தான் மூன்றாவது வருடம் படிப்பதாகவும், டாக்டர் பார்ப்பதற்கு முன் தான் சில கேள்விகள் கேட்கலாமா என்றும் அனுமதி கேட்டாள். என்னிடம் அனுமதி கேட்டு யாரும் எதுவும் செய்து ரொம்ப நாளாகிவிட்டதால், உடனே சரி என்றேன்.

வலி எங்கே, எப்போது தொடங்கியது, சாப்பிட்டதும் கூடுகிறதா குறைகிறதா, முதுகுப் பக்கம் போகிறதா. நான் புடவை விற்கிறவன். வாடிக்கையாளர் கேள்வி கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் வந்துவிடும். அந்த வலிக்கு ஒரு நல்ல பார்டர் வைத்து, முந்தானையில் ஜரிகையும் போட்டுக் கொடுத்தேன். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கையைப் பிடித்து நாடி பார்த்தாள். அப்புறம் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டினாள். பார்த்துவிட்டு கொஞ்ச நேரம் என்னை உட்கார வைத்து, மறுபடியும் கட்டினாள்.

அவள் போனதும் ஒரு பையன் வந்தான். அதே கேள்விகள். எனக்குப் பழைய பதில்கள் மறந்துவிட்டன. வலியை இடப்பக்கம் மாற்றினேன். மூன்றாவதாக இன்னொரு பெண் வந்தபோது, மாற்றம் இருக்கட்டுமே என்று தொப்புளுக்கு மேலே வைத்தேன்.

பிறகு டாக்டர் வந்தார். மூன்று பேரும் என்னைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு வலியைச் சொன்னார்கள். வலது என்று ஒருத்தி, இடது என்று ஒருவன். அவர்களுக்குள் லேசான வாக்குவாதம். பையனுடைய காது சிவந்துவிட்டது. டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உங்க வலி பிள்ளைங்களுக்கு ஏத்த மாதிரி எடம் மாறுதே?"

நான் பதில் சொல்வதற்குள் அந்த முதல் பெண் மெதுவாகச் சொன்னாள். "சார், வலி எங்கேன்னு எனக்குத் தெரியல. ஆனா பி.பி. அதிகமா இருக்குது. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

டாக்டர் தானே ஒருமுறை பார்த்தார். என்னை ஒரு கட்டிலில் படுக்கச் சொன்னார். அதுவரை நடிகனாக இருந்தவன், படுத்ததும் நிஜமாகவே நோயாளியாகிவிட்டேன். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நான் கொடுத்த ஒரு மார்க் நினைவுக்கு வந்தது. எதையும் மறைக்கிற தெம்பு போய்விட்டது. மகளுக்கு இங்கே சீட் பார்க்கலாமா என்று வேவு பார்க்க வந்தேன், வயிற்றில் ஒரு வலியும் இல்லை, இரண்டு இட்லியும் வடையும் பூரியும்தான் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டேன்.

மாணவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே. டாக்டர் அடக்கவே இல்லை. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார். "வலி பொய்யி. பிரஷர் நெஜம். ஒரு நாள் பார்த்துட்டு முடிவு கட்ட மாட்டோம். ஊர்ல நாலஞ்சு தடவை வேற வேற நாள்ல பாருங்க. அப்பவும் இப்படியே இருந்தா மாத்திரை போட்டே ஆகணும்."

படுத்துக்கொண்டே நான் வியாபாரத்தை விடவில்லை. உங்கள் காலேஜ் ஏன் எந்த லிஸ்ட்டிலும் இல்லை என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பட்டியலில் சேருவதற்கே தங்கள் காலேஜுக்கு இன்னும் வயசு வரவில்லை என்றார். நூலகம் சின்னது, இரண்டு துறைகளில் ஆள் போதவில்லை, விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று அவராகவே சொன்னார். "நோயாளி மட்டும் நெறைய வர்றாங்க. உங்கள மாதிரி ஆளுங்களும் வர்றாங்க. பிள்ளைங்க கத்துக்குதுங்க."

என் சரக்கில் இருக்கிற குறையை நான் எந்த வாடிக்கையாளரிடமும் இப்படிச் சொன்னதில்லை. அதனாலேயே அவரை நம்பினேன்.

வெளியே வரும்போது அந்தப் பெண் வாசல்வரை வந்து, உப்பைக் குறைத்துக்கொள்ளச் சொன்னாள். பொய் சொல்லி வந்தவனின் கையை இரண்டு தடவை பிடித்துப் பார்த்திருக்கிறாள். என் மகளும் நாளைக்கு யாரோ ஓர் அப்பனின் கையை இப்படிப் பிடித்துப் பார்ப்பாள் என்று தோன்றியது. பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கண்ணில் தூசி விழுந்ததாகப் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன்.

வீட்டில் உண்மையைச் சொன்னதும், மனைவி முதலில் பிரஷரைப் பற்றிப் பதறினாள். அப்புறம் பூரியைப் பற்றிக் கேட்டாள். அப்புறம் நிறுத்தாமல் சிரித்தாள். "வேவு பார்க்கப் போய் வியாதி வாங்கிகினு வந்தாரு" என்று தன் அக்காவிடம் போனில் சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. மகள் மட்டும் சிரிக்காமல், அந்தப் பெண் என்னென்ன கேட்டாள், எந்த வரிசையில் கேட்டாள், நாடியை எந்த விரலால் பிடித்தாள் என்றெல்லாம் விசாரித்தாள். கண் மின்னியது. அன்று சாயங்காலமே கலந்தாய்வு இணையதளத்தில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது, அந்தக் கல்லூரியை முதலில் வைத்தாள். நானும் முழு மனதோடு சம்மதித்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் ஒரு நல்ல தகப்பன்.

அந்தக் கல்லூரி வேண்டும் என்று எனக்கு மனசில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அங்கேதான் பிரச்சினை. எங்கள் தொழிலில் ஒரு பொருள் ரொம்ப வேண்டும் என்று தோன்றிவிட்டால் முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நெசவாளர் வீட்டில் புடவை எடுக்கப் போகிறோம், குவியலில் ஒன்று கண்ணைப் பறிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொட்டுவிட்டால் விலை ஏறிவிடும். அதனால் அதன்மேல் நாலு சுமாரான புடவைகளை எடுத்துப் போட்டு, அந்த நாலுக்கும் மும்முரமாக விலை பேசி, ஒன்றும் படியாமல் எழுந்திருக்கிற மாதிரி எழுந்து, கடைசியில் அடியில் இருப்பதைக் காட்டி, "சரி, அத்தயாவது போடு" என்று சலித்துக்கொண்டு வாங்க வேண்டும். வாழ்நாள் முழுக்க இப்படித்தான் வாங்கியிருக்கிறேன். பெண் பார்க்கப் போனபோதுகூட முதலில் அவர்கள் வீட்டு மாடியைத்தான் புகழ்ந்தேன்.

வரிசைப்படுத்துவதற்குக் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணியோடு, திரையில் இருக்கிற வரிசை தானாகவே பூட்டிக்கொள்ளும். மகளும் மனைவியும் ஏதோ சான்றிதழ் விஷயமாகத் தாலுகா ஆபீஸ் போயிருந்தார்கள். உள்ளே நுழைவதற்கான ஓ.டி.பி. வருவது என் போனுக்குத்தான். கடையில் கம்ப்யூட்டரைத் திறந்து, சும்மா ஒரு தடவை பார்க்கலாம் என்று பார்த்தேன். எங்கள் ஆசைக் கல்லூரி ஊருக்கே தெரிகிற மாதிரி முதல் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. எனக்குப் பகீர் என்றது. இவ்வளவு ஆசையை வெளியே காட்டினால் கொடுப்பானா? நம் முகத்தைப் பார்த்து, இவர்களுக்கு இதுதான் வேண்டுமாம் என்று வேறு யாருக்காவது தள்ளிவிட மாட்டானா?

யார் அந்த 'அவன்' என்று நான் யோசிக்கவில்லை. பதற்றத்தில் இருப்பவனுக்கு எதிரே எப்போதும் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான்.

ஆசைக் கல்லூரியைப் பிடித்துக் கீழே கீழே இழுத்துக் கடைசியில் கொண்டுபோய் வைத்தேன். அதன்மேல், மூன்று பட்டியலிலும் பளபளத்த தனியார் கல்லூரிகளையெல்லாம் அடுக்கினேன். அவற்றில் சிலவற்றில் ஃபீஸ் கட்ட வருடத்துக்கு இரண்டு தறியை விற்க வேண்டியிருக்கும். அதனால் என்ன, அதெல்லாம் சும்மா விலை பேசத்தானே. சேமித்துவிட்டு, இந்தச் சாமர்த்தியத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று எதிர்க்கடைக்குப் போனேன். விவரம் சொல்லவில்லை, "ஒரு வேலை பண்ணிகீறேன் மச்சான்" என்று மட்டும் சொன்னேன். டீ குடித்தோம். சார்ஜ் இல்லாததால் போனை அங்கேயே சொருகிவிட்டு, வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

தாமதமான மதியச் சாப்பாடு. உப்பு குறைந்த குழம்பு. திரும்பி வந்திருந்த மகளிடமும் மனைவியிடமும், ரசம் ஊற்றும் வேளையில் செய்தியை அவிழ்த்தேன். நாலு சரக்கைப் போட்டு நல்ல சரக்கை மூடியிருக்கிறேன் என்றேன்.

மனைவி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "கம்ப்யூட்டர்கிட்ட பேரம் பேசினீங்களா?"

மகள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. அந்த ஒரு வருடத்தில் மார்க் குறைந்த நாட்களில்கூட அவள் முகம் அப்படி ஆனதில்லை. "அது ஆளு இல்ல பா. மேல இருந்து பாக்கும். நம்ம மார்க்குக்கு எது மொதல்ல கெடைக்குதோ அத்தக் குடுத்துட்டு நின்னுடும். அடியில இருக்கிறத பாக்கவே பாக்காது."

எனக்குப் புரிந்தது. நான் சும்மா விலை பேசப் போட்ட புடவையைப் பில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். கொடுத்தபின் அதற்குப் பணமும் இல்லை, திருப்பவும் முடியாது. கதவு சாத்திய இன்னொரு வருடம் என் கண்முன்னால் தெரிந்தது. எச்சில் கையோடு எழுந்தேன். மணி நாலரையைத் தாண்டியிருந்தது.

மகள் தன் போனில் தளத்தைத் திறந்துவிட்டாள். ஓ.டி.பி. கேட்டது. அது போய் இறங்கிய இடம் எதிர்க்கடை. மனைவியின் போனிலிருந்து மச்சானைக் கூப்பிட்டேன்.

"மச்சான், என் போன்ல ஒரு நம்பர் வந்துகீதா பாரு. ஜல்தி."

"வந்துகீது மாமா. ஆனா 'இதை யாரிடமும் பகிர வேண்டாம்'னு போட்டுகீறான். நான் எப்படி சொல்றது?"

"நான்தான் கேக்கறேன் மச்சான், அது என் போனு."

"நீங்கதான்னு எப்படித் தெரியும்? இது அக்கா நம்பராச்சே."

சிரிப்புச் சத்தம் கேட்டது. கடையில் டீக்காரரும் இருந்திருக்க வேண்டும். நான் கெஞ்சினேன். சரி என்று அவர் படிக்கத் தொடங்கினார். முதல் மூன்று எண்களை ஏலம் விடுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நாலாவது பூஜ்யமா எட்டா என்பதில் சந்தேகம் வந்து, கண்ணாடியைத் தேடப் போனார். அதற்குள் அந்த ஓ.டி.பி.க்கு ஆயுள் முடிந்துவிட்டது.

மகள் என் கையிலிருந்து போனை வாங்கினாள். "மாமா, நான்தான் பேசறேன். என் காலேஜ் வரிசைய அப்பா தலைகீழா மாத்திட்டாரு. அஞ்சு மணிக்குள்ள சரி பண்ணலன்னா எனக்கு சீட்டு போயிடும்."

இரண்டாவது ஓ.டி.பி. வந்ததும் மச்சான் அதை ஒரே மூச்சில் படித்தார். கேட்காமலே இன்னொரு தடவையும் படித்தார். அந்த நேரத்தில் அவர் கடையில் புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி போட்டிருந்த கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு படித்ததாகப் பிற்பாடு சொன்னார்.

மகள் கல்லூரிகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்தாள். நான் அடியில் புதைத்த கல்லூரி ஏறி ஏறி முதல் இடத்துக்குப் போனது. சேமித்தாள், தானாகப் பூட்டும்வரை காத்திராமல் அவளே பூட்டினாள். பூட்டிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, தட்டை இழுத்துச் சாப்பிட உட்கார்ந்தாள். "ரசம் ஊத்து மா" என்றாள். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஒதுக்கீடு வந்தது. முதலில் வைத்ததே கிடைத்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத, எங்கள் பட்டியலில் நம்பர் ஒன்னாக இருந்த கல்லூரி. இந்தத் தடவை ஸ்வீட் பெட்டியை எடுத்துக்கொண்டு முதலில் எதிர்க்கடைக்குத்தான் போனேன். மச்சான் மைசூர்பாகை எடுத்தார். ரேங்க்கைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்த நம்பர நான்தானே படிச்சேன், பாதி சீட்டு என்துதான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் அவர் மகனுக்கு இஞ்சினியரிங் பார்க்க வேண்டும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கல்லூரி லிஸ்ட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான் சராசரி போடுகிற முறையைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். என் மனைவி குறுக்கே வந்து காப்பாற்றினாள், அவரைத்தான்.

பிரஷர் நிஜமாகவே இருந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். வேவு பார்க்கப் போகாவிட்டால் அது எனக்குத் தெரிந்திருக்காது என்று வீட்டில் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன், என் திட்டத்துக்கு யாரும் மார்க் கொடுக்கவில்லை. அந்த மூன்றாம் வருடப் பெண் இப்போது மகளின் விடுதியில் மேல்மாடியில் இருக்கிறாளாம். அங்கே எனக்கு வைத்திருக்கிற பெயர் 'நகரும் வயிற்று வலி'. கல்லூரியில் என் மகளை விட எனக்குத்தான் பேர் அதிகம்.

முதல் லீவுக்கு வந்தபோது மகள் பிரஷர் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தாள். வகுப்பில் இப்போதுதான் கற்றுக்கொடுத்திருக்கிறார்களாம். கடைக்குள்ளேயே, நம்பர் ஒன் பெட்டிகளுக்கு நடுவில் என்னை உட்கார வைத்து, பட்டையைக் கட்டினாள். ஆஸ்பத்திரியில் அந்த மூன்றாம் வருடப் பெண்ணிடம் பார்த்த அதே முகச் சுளிப்பு, அதே கவனம். முதல் தடவை ஓர் எண் சொல்லிவிட்டு, சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்றாள். மறுபடி அமுக்கினாள். இன்னோர் எண் சொன்னாள். சற்றுப் பொறுத்து மூன்றாவது தடவை பார்த்து வேறோர் எண் சொன்னாள்.

"மூணு தடவைக்கும் மூணு மாதிரி வருதே. எதும்மா சரி?"

"மொதல் தடவைய உட்டுடணும். மத்த ரெண்டையும் கூட்டி சராசரி போடணும்."

சராசரியா என்று கேட்க வாயெடுத்தேன். மூன்று லிஸ்ட்டை வைத்து நான் போட்டபோது மட்டும் என்ன சிரிப்பு சிரித்தீர்கள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"பேசாத பா. பேசினா ஏறும்."

அதனால் பேசாமல் இருந்தேன். அவள் இன்னொரு தடவை பட்டையைக் கட்டினாள்.